கொழும்புக்குத் திரும்பி வருபவர்களுக்கு: வருமான வரியும் வாழ்க்கைத்துணை விசாவும்

என் தம்பி லண்டனில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு 2025 டிசம்பர் 10ஆம் திகதி மனைவியோடு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தான். மச்சாள் திருச்சிப் பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டு. விவாகம் பதிந்தது லண்டனில். வந்த கிழமையே, "அக்கா, முதலில் விசா அலுவலை முடிப்போம், வரியைப் பிறகு பார்க்கலாம்" என்றான். நானும் சரி என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

குடிவரவுத் திணைக்களம் பார்ப்பதும் இறைவரித் திணைக்களம் பார்ப்பதும் ஒரே கடவுச்சீட்டின் ஒரே திகதிகளைத்தான். விசாவுக்குக் கொடுக்கும் விலாசம், பெயர், வந்த நாள் எல்லாம் வரி விவரத்திரட்டிலும் (வருடா வருடம் வருமானக் கணக்கைக் காட்டும் படிவம்) வரும். ஒரு கோப்பை முடித்துவிட்டு மற்றதைத் திறக்கலாம் என்று இருந்தால், இரண்டாவதற்கு வேண்டிய தாள்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் விடுபட்டிருக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திகதித் தாள்

ஒரு வெள்ளைத் தாளில், கடந்த இரண்டு வருடத்தில் நீங்களும் துணையும் இலங்கைக்கு வந்த நாள், போன நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்பாவின் அந்தியேட்டிக்கு வந்தது, தங்கச்சி கலியாணத்துக்கு வந்தது, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தது என்று ஒன்றும் விடாமல். பழைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டாலும் எறிய வேண்டாம், முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. முத்திரை மங்கியிருந்தால் விமானச் சீட்டு மின்னஞ்சலைத் தேடி எடுத்து வையுங்கள். இந்தத் தாள் எதற்கு என்பது வரிப் பகுதிக்கு வரும்போது புரியும்.

அங்கிருந்து கிளம்புமுன் எடுக்க வேண்டியவை

கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் சான்றிதழ் எடுப்பது முடியாத காரியமல்ல, ஆனால் அங்கே ஒரு நாளில் முடிவது இங்கிருந்து செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி குறைந்தது இரண்டு எடுங்கள். அதை அந்த நாட்டு வெளியுறவு அமைச்சில் அத்தாட்சிப்படுத்தி, அதன் பிறகு அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலும் அத்தாட்சி பெறுங்கள். அந்த நாட்டு அமைச்சின் முத்திரையோடு நின்றுவிட வேண்டாம். பிரெஞ்சு, ஜெர்மன், நோர்வேஜிய மொழிச் சான்றிதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். துணையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே பாதைதான். துணைக்கு முன்பு ஒரு விவாகம் நடந்து முறிந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியும் சேர வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பிறகு கருமபீடத்தில் நின்று தடுமாறுகிறார்கள்.

பொலிஸ் நற்சான்றிதழ்: துணையின் சொந்த நாட்டினதும், அண்மையில் வாழ்ந்த நாட்டினதும். மச்சாளுக்கு இரண்டு எடுத்தோம். பிரித்தானியாவில் அதைக் கொடுப்பது அக்ரோ என்ற பிரிவு. இந்தியாவினதை இந்தியக் கடவுச்சீட்டு அதிகாரிகளிடம்தான் பெற வேண்டும். இவற்றை மிக முன்கூட்டி எடுத்தால் கையில் இருக்கும்போதே பழசாகிவிடும், புறப்படுவதற்குக் கிட்டிய மாதங்களில் எடுங்கள்.

வரிப் பக்கம்: சம்பளத் துண்டுகளை மாதம் மாதமாகச் சேமித்து வையுங்கள். வருட இறுதிச் சான்று மட்டும் போதாது. காரணம், இலங்கையின் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிரித்தானியாவுக்கு ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை என்பதால் பெரிய வித்தியாசமில்லை. கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே ஒரு வருடத்துக்குக் கட்டிய வரியை இங்கே இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மாதத் துண்டு இல்லாமல் அதைச் செய்ய முடியாது. வேலை செய்த நிறுவனத்தின் இணையத் தளத்துக்குள் போகும் அனுமதி கடைசி நாளோடு பூட்டப்பட்டுவிடும், அதற்கு முன் தரவிறக்குங்கள்.

விட்டு வரும் நாட்டின் வரித் திணைக்களத்துக்குப் "போகிறேன்" என்று சொல்லுங்கள். பிரித்தானியாவில் பி-85 படிவம், அல்லது சுயமதிப்பீடு செய்பவர் என்றால் அந்த விவரத்திரட்டிலேயே. கனடாவில் வெளியேறிய திகதியை அந்த ஆண்டு விவரத்திரட்டில் எழுத வேண்டும். சில சொத்துக்களை அன்றே விற்றதாகக் கருதி இலாபத்துக்கு வரி பார்ப்பார்கள் என்பதால் அங்கே ஒரு கணக்காளரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது. லண்டனில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருகிறீர்களா? அங்குள்ள வரித் திணைக்களத்திடம் அனுமதி பெறாவிட்டால் முகவர் வாடகையில் 20 சதவீதத்தைப் பிடித்து அங்கே கட்டுவார். அந்தத் தாளும் இங்கே வேண்டும்.

பெயர்

எங்கள் பெயர் முறை வெளிநாட்டுப் படிவங்களுக்குப் பொருந்துவதில்லை. அப்பா பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. சில இடத்தில் முதலெழுத்து, சில இடத்தில் முழுப் பெயர். தம்பியின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் அவனுடைய பெயர் மட்டும்தான். கடவுச்சீட்டில் அப்பா பெயரும் உண்டு. லண்டன் விவாகச் சான்றிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. மச்சாளின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே வெறுமை. அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு முதலெழுத்து.

இது போதாதென்று ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் அவள் பெயரை "ஷ" என்று ஒலிக்கும்படி எழுதிவிட்டார்கள், கடவுச்சீட்டில் "ச". ஒரே ஒரு எழுத்து. அந்தத் தாளைத் திருத்தி, கையெழுத்து வாங்கி, மீண்டும் அத்தாட்சி பெற மூன்று கிழமை போனது. வருகை விசாவின் நாட்கள் ஒரு பக்கம் கரைந்துகொண்டிருக்க, அவள் இரவில் நித்திரை இல்லாமல் இருந்ததை நான் பார்த்தேன். "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கஷ்டப்படுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் இறக்குங்கள். கடவுச்சீட்டில் உள்ளதுதான் அளவுகோல். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து "இதே எழுத்துத்தான்" என்று சொல்லுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திடுமுன் வரைவை வாங்கிப் படியுங்கள். திருத்த முடியாத வேறுபாடு இருந்தால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். அதே சத்தியக்கடதாசி வங்கிக்கும் உதவும், வரி இலக்கம் எடுக்கவும் உதவும். மூன்று மூலப்பிரதி செய்யுங்கள்.

நீங்கள் இன்னும் இலங்கைக் குடியுரிமை உள்ளவரா?

வாழ்க்கைத்துணை விசாவுக்கு, அதாவது வெளிநாட்டுத் துணை இங்கே வதியத் தரும் விசாவுக்கு, உங்கள் குடியுரிமைதான் அடிப்படை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தபோது, அதைத் தக்கவைக்க விண்ணப்பிக்காதிருந்தால், இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விட்டது. பழைய அடையாள அட்டை கையில் இருப்பது அதை மாற்றாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைக் குடியுரிமை பெற்று அதை மீளப் பெறலாம். 55 வயதுக்கு மேற்பட்டவர்கள், இங்கே சொத்து அல்லது வைப்பு உள்ளவர்கள், தொழில்சார் தகைமை உள்ளவர்கள் என்று பல வகைகளில் விண்ணப்பிக்கலாம். அது முடியச் சில மாதங்கள் ஆகும் என்பதால், இந்த நிலையில் இருப்பவர்கள் குடும்பத்தோடு பெட்டி கட்டுமுன் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

குடியுரிமை போனவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் காணி எழுத முடியாது. மாடிமனைத் தொகுதியில் உள்ள வீட்டுக்கு, முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், விதிவிலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் வெளிநாட்டுத் துணைக்குத் தடை உண்டு. "இரண்டு பேர் பெயரிலும் வீட்டை எழுதுவோம்" என்று முற்பணம் கொடுக்குமுன் நொத்தாரிசிடம் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பத்தரமுல்லை

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஒருகாலத்தில் புஞ்சி பொரளையில் இருந்தது. ஊரில் பழைய ஆட்கள் இன்றைக்கும் அங்கேதான் வழி சொல்வார்கள். இப்போது பத்தரமுல்லை ஸ்ரீ சுபூதிபுர வீதியில் உள்ள சுஹுருபாய கட்டடம். கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் எடுத்தால் பத்தரமுல்லைச் சந்தியில் இறங்கி நடக்கலாம். ஆட்பதிவுத் திணைக்களமும், வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் அதே கட்டடத்தில் வேறு வேறு மாடிகளில். அடையாள அட்டை புதுப்பிப்பு, சான்றிதழ் அத்தாட்சி, விசா மூன்றுக்கும் ஒரு தரம் திட்டமிட்டுப் போனால் அலைச்சல் குறையும். கொன்சியூலர் பிரிவுக்கு முன்கூட்டியே நேரம் பதிந்துவிட்டுப் போங்கள்.

போகுமுன் கையில் இருக்க வேண்டியவை: துணையின் கடவுச்சீட்டும் பிரதிகளும், உங்கள் கடவுச்சீட்டும் தேசிய அடையாள அட்டையும், அத்தாட்சிபெற்ற விவாகச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ், நிழற்படங்கள், துணைக்கு வதிவிட விசா கோரி நீங்கள் எழுதிய கடிதம், சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கான சத்தியக்கடதாசி, வதிவிடச் சான்று.

கடைசியாகச் சொன்ன வதிவிடச் சான்றில்தான் திரும்பி வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிராம அலுவலர் சான்று கொடுக்க, நீங்கள் அவருடைய பிரிவில் வசிப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஊரில் இல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்காது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் கடிதமும் எடுத்துக்கொண்டு, துணையையும் கூட்டிக்கொண்டு, வந்த முதல் கிழமையிலேயே போய் அறிமுகமாகுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்களுக்கு அந்தச் சான்றில் மேலொப்பம் வாங்கத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வாடகை ஒப்பந்தத்தில் இருவரின் பெயரும் இருக்கட்டும், சேர்ந்து வாழ்வதற்கு அதுவே நல்ல சான்று.

துணை புறப்படுமுன்பே அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில், வாழ்க்கைத்துணையாக வதிய வருகிறேன் என்று சொல்லி எந்த நுழைவில் வர வேண்டும் என்று கேட்பது நல்லது. ஏற்கெனவே வருகை விசாவில் வந்துவிட்டால், முதலில் கிடைப்பது 30 நாள். வதிவிட விசா விண்ணப்பம் அந்தக் காலத்துக்குள் போக வேண்டும். போகாது போலிருந்தால் காலாவதியாகுமுன் நீடிப்பு எடுங்கள், இணையத்திலும் அதைச் செய்யலாம். ஒரு நாள் பிந்தினாலும் அது துணையின் கோப்பில் பதிந்துவிடும்.

இன்னும் விவாகம் பதியாமல், இங்கே வந்து பதியலாம் என்று இருப்பவர்களுக்கு: 2022 ஜனவரி 1 முதல் இலங்கையர் ஒருவர் வெளிநாட்டவரை இங்கே பதிவுத் திருமணம் செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்று பதிவாளர் நாயகம் திணைக்களம் கொண்டுவந்தது. திருமண மண்டபத்துக்கு நாள் பார்க்குமுன் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்ப் பேசுங்கள்.

183 நாள்

இனித்தான் அந்தத் திகதித் தாள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பது முக்கியமல்ல, வதிபவரா இல்லையா என்பதுதான் கேள்வி. வதிபவர் என்றால் உலகம் முழுதும் உழைத்ததற்கு இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வதியாதவர் என்றால் இலங்கையில் எழுந்த வருமானத்துக்கு மட்டும்.

எல்லோருக்கும் "183 நாள்" தெரியும். ஆனால் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது, அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாள் என்று. தம்பியின் கணக்கைப் பாருங்கள். 2025 டிசம்பர் 10 முதல் 2026 மார்ச் 31 வரை 112 நாள். "நான் இந்த வருடம் வதியாதவன்" என்று நிம்மதியாக இருந்தான். ஆனால் டிசம்பர் 10இல் தொடங்கும் பன்னிரண்டு மாதம் 2025/26 ஆண்டுக்குள்தானே தொடங்குகிறது? அதில் அவன் முழுதும் இங்கே. ஆகவே 2025/26இலேயே அவன் வதிபவர் ஆகிறான், ஏப்ரலிலிருந்து லண்டனில் வாங்கிய சம்பளமும் கணக்குக்குள் வருகிறது.

பயப்பட வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது. பிரித்தானியா, இந்தியா, கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளோடு இலங்கைக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை உண்டு. இரு நாடும் உங்களை வதிபவர் என்று சொன்னால் நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே என்று பார்த்துத் தீர்க்கும் விதி அவற்றில் இருக்கும். அங்கே கட்டிய வரியை, அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரியின் அளவுக்குள், கழித்துக்கொள்ளவும் முடியும். கட்டியதற்குத் தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வளைகுடாவிலிருந்து வருபவர்கள் கவனிக்க: அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை, ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. திரும்பும் மாதத்தைத் தீர்மானிக்குமுன் ஒரு வரி ஆலோசகரோடு இருந்து பேசுங்கள்.

விவரத்திரட்டு

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத் தளத்திலேயே எடுக்கலாம். நேரில் என்றால் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. சந்தேகத்துக்கு 1944. இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்றில்லை. ஆனால் வாகனம், காணி, வங்கி நடைமுறைக் கணக்கு என்று பல அலுவல்களில் 2024 முதல் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

2025/26க்கு வருடத்துக்கு 18 இலட்சம் வரை நிவாரணம், அதாவது அந்த அளவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30, மீதிக்கு 36. 30 இலட்சம் வருமானம் என்றால் 12 இலட்சத்துக்கு வரி: 60,000 உம் 36,000 உம் சேர்ந்து 96,000 ரூபாய். வங்கி வட்டியில் 10 சதவீதம் பிடிப்பார்கள். அது உங்கள் வரியில் கழியும், ஆகவே ஏப்ரலில் வங்கிச் சான்றை வாங்கி வையுங்கள். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குள் இருக்கும் பெற்றோருக்கு, பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுக்கலாம்.

வரியைத் தவணையாகக் கட்டும் நாட்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி செப்டெம்பர் 30. விவரத்திரட்டு நவம்பர் 30. பிந்திய வரிக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி ஏறும்.

விவரத்திரட்டோடு சொத்து, பொறுப்புக் கூற்றும் போக வேண்டும், வெளிநாட்டில் உள்ளவையும் சேர்த்து. இதைத்தான் நான் ஆகக் கவலையோடு சொல்கிறேன். வதியாதவராக இருந்த காலத்தில் உழைத்துச் சேர்த்த காசு இங்கே இந்த வருட வருமானம் அல்ல. ஆனால் அது அப்படிச் சேர்ந்த காசுதான் என்று காட்ட வேண்டியவர் நீங்கள். வங்கி மூலம் வந்த பணத்துக்கு ஒரு தாள் இருக்கும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறி, வந்த பணத்துக்கு இல்லை. ஒரு பவுணுக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று இருபது வருட உழைப்பை உண்டியலில் இறக்கியவர்கள், வீடு வாங்கிய பிறகு "இந்தக் காசு எங்கிருந்து?" என்ற கேள்விக்கு முன் ஊமையாக நிற்கிறார்கள். நேர்மையாக உழைத்த காசு அது. தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்து அதற்குள் அனுப்புங்கள், அனுப்பிய கணக்கின் கூற்றையும் சேர்த்து வையுங்கள்.

துணையின் பக்கம்

இலங்கையில் கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரு விவரத்திரட்டு இல்லை, ஆளுக்கொன்று. துணைக்கும் அதே 183 நாள் பொருந்தும், ஆகவே வதிவிட விசாவில் இருப்பவர் விரைவில் வரிக்கும் வதிபவர் ஆகிவிடுவார். திருச்சியில் மச்சாளின் பெயரில் ஒரு சிறு வாடகை வருமானம் இருக்கிறது, அது இங்கே காட்டப்பட வேண்டும்.

வேலை விடயத்தில், கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் நிபந்தனை வாசகத்தைப் படிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். உள்ளூர் நிறுவனத்தில் சேர்வதென்றால் அதற்கான அனுமதியைத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை செய்து, அந்தப் பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால், 2025 ஏப்ரல் முதல் அதற்கு உச்ச வரி வீதம் 15 சதவீதம். முன்பு விலக்கு இருந்ததால் இன்னும் "அதுக்கு வரி இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டாம்.

பிள்ளைகள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வராது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வரும், ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிறப்பைப் பதிய வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் பதிவது நல்லது. பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெற்றுப் பதியலாம். பதியாத பிள்ளை இங்கே வெளிநாட்டவர்தான், அதற்கும் விசா வேண்டும், அதன் திகதியும் தாயின் விசாத் திகதியும் ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். கிளம்புமுன் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

மச்சாளுக்கு விசா கிடைத்த அன்று பின்னேரம், முடிவுத் திகதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினோம். அதற்கு இரண்டு மாதம் முன்னே ஒரு திகதி, நீடிப்புக்குப் போக. அதன் கீழே செப்டெம்பர் 30, நவம்பர் 30.